இளவாலை என்று சொல்லித் திரிந்த வன்னிக்காரன்

லண்டன் மோர்டனில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீரும் வடையும் தருவார்கள். கோப்பையைக் கையில் வாங்க முன்னமே பக்கத்தில் நிற்பவர் கேட்டுவிடுவார்: "நீங்கள் ஊரிலை எவடம்?" பெயர், வேலை, பிள்ளைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஊரைச் சொன்னால்தான் உங்களை எந்த இடத்தில் வைப்பது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். லண்டனுக்கு வந்து முப்பது வருடமாகியும் இந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. இனிப் போகும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

நான் "இளவாலை" என்று சொல்வேன். இருபத்தெட்டு வருடம் அப்படித்தான் சொன்னேன். அது முழுப் பொய் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டு இளவாலையில் போர்டிங்கில் தங்கி ஏழு வருடம் படித்தவன் நான். அங்கே எந்த ஒழுங்கையில் நாய் துரத்தும் என்பதுவரை தெரியும். ஆனால் நான் பிறந்தது குடாநாட்டுக்குத் தெற்கே காட்டுப் பக்கமான வன்னியில், பனங்காமம் பற்றில், குளத்தை நம்பி வயல் செய்த ஒரு சின்ன ஊரில். அதன் பெயரைச் சொன்னால் இந்த நகரத்தில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தாலே பெரிய காரியம்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், வெட்கம்தான். வேறு பூச்சுப் பூசத் தேவையில்லை. போர்டிங்கில் முதல் நாளே "காட்டான்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். "உங்கடை ஊரிலை யானைதானே தபால் கொண்டுவாறது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படிச் சிரித்ததற்காக என் மீதே இன்றுவரை எனக்கு ஆத்திரம் உண்டு.

பிறகு லண்டனில் கலியாணம் பேசியபோது, இடையில் நின்று பேசியவர் "பெடியன் இளவாலைப் பக்கம்" என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் கரம்பன், ஊர்காவற்றுறைக்குப் பக்கம். கடலோரத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பம். பெண்ணின் தகப்பன், இப்போது என் மாமா, கப்பலில் வேலை செய்து உலகம் சுற்றியவர். "இளவாலையோ, நல்லது" என்று தலையாட்டினார். அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை.

மனைவிக்கு ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. அம்மாவின் கடிதம் வந்தபோது உறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டாள். சண்டை பிடிக்கவில்லை. "எனக்கு எந்த ஊரெண்டாலும் ஒண்டுதான். ஆனா அப்பாக்கு நான் சொல்லமாட்டன். பொய் சொன்னவர்தான் போய்ச் சொல்லோணும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை நிறுத்தினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

மாமா வடக்கு லண்டனில், எட்மண்டனில் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரே கதையைத்தான் எடுப்பார். "எங்கடை துறையிலையிருந்துதான் ஒல்லாந்தன் யானை ஏத்தினவன். கோல்கொண்டாவுக்கும் வங்காளத்துக்கும் போனது முழுக்க எங்கடை துறை யானை." பேரப்பிள்ளைகள் கண்ணை உருட்டுவார்கள். நான் கோழிக் காலைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். கரம்பனில் யானை காய்க்கவில்லை, மாமா, அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுவேன்.

நான் வேலை செய்வது பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் ஒரு பெரிய கட்டடத்தில். என் வேலையைப் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். வாசிக்க வருகிறவர்கள் துண்டு எழுதிக் கொடுப்பார்கள். நான் நிலக்கீழ் அறைக்குப் போய், தட்டில் இருக்கும் பெட்டியை எடுத்து, தள்ளுவண்டியில் வைத்து மேலே கொண்டுவந்து கொடுப்பேன். வாசித்து முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் வைப்பேன். பத்தொன்பது வருடமாக இதுதான் தொழில். எத்தனையோ நாட்டு ராசாக்களின் கடிதங்களைச் சுமந்திருக்கிறேன், ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை. நாங்கள் திறக்கக்கூடாது.

ஒருநாள் பெரிய வரைபடம் ஒன்றை மேலே கொண்டுபோனேன். அதைக் கேட்டிருந்த பெண்மணி, தாளைத் தனியாகப் புரட்டப் பயந்து, ஒரு கை கொடுக்கச் சொன்னார். நான் மறுமுனையைப் பிடித்தேன். தாள் புரண்டது. இலங்கை.

ஒல்லாந்தர் காலத்தில் கீறியது. கரையோரம் முழுக்க எழுத்து. கோட்டை, துறைமுகம், கோயில், கிணறு என்று யாழ்ப்பாணத்தில் ஊசி குத்த இடமில்லாமல் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே கொஞ்ச மரங்கள், தும்பிக்கை தூக்கிய இரண்டு மூன்று யானைகள், நடுவில் பெரிய எழுத்தில் வன்னி. வேறொன்றுமே இல்லை. எங்கள் குளம் இல்லை, ஊர் இல்லை, ஆள் இல்லை. முதலில் கோபம்தான் வந்தது. மூன்று நூற்றாண்டுக்கு முன்னமே எங்களை இப்படித்தான் பார்த்திருக்கிறார்கள், போர்டிங்கில் இருந்த பெடியள்மேல் என்ன பிழை என்று நினைத்தேன்.

தாளைப் பிடித்தபடி அந்தப் பெண்மணியிடம் கேட்டேன், ஏன் இங்கே ஒன்றும் எழுதவில்லை என்று. அவர் ஒல்லாந்து நாட்டவர். ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டு சொன்னார்: உள்ளே போய் அளந்துவிட்டு வர வசதிப்பட்டிருக்காது.

அன்று வீட்டுக்குப் போகும்போது ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். வசதிப்பட்டிருக்காது. கோட்டை கட்டியவர்கள், கப்பல் கப்பலாக ஆளிறக்கியவர்கள், குடாநாட்டில் பனையைக்கூட எண்ணி வைத்தவர்கள். எங்கள் ஊருக்குள் வர அவர்களுக்கு வசதிப்படவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாக, நான் பிறந்த இடத்தை நினைத்து நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்த கிழமை நானும் வாசகர் அட்டை எடுத்தேன். வேலை செய்கிறவர்கள் ஓய்வு நாளில் வாசிக்கலாம், இத்தனை வருடமாக எனக்குத்தான் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை கோட்டுப் போட்டுக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்தேன். என்னோடு வேலை செய்யும் ஜமேக்காக்காரர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழக்கதோஷத்தில் எழுந்து வண்டியைப் பிடிக்கப் போனேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்து, "இன்றைக்கு நீங்கள் வாசகர், சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படி எத்தனையோ வெள்ளிக்கிழமை. ஒல்லாந்து அதிகாரிகள் எழுதிவைத்தவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார்கள், அதைத்தான் வாசித்தேன். நான் படித்தவன் இல்லை. ஒரு பக்கத்தை மூன்று தடவை வாசித்தால்தான் உள்ளே இறங்கும். ஆனால் இறங்கியது.

வடக்கே யாழ்ப்பாணம். முதலில் அங்கே தமிழ் அரசன் இருந்தான், பிறகு போர்த்துக்கேயர், பிறகு ஒல்லாந்தர். தெற்கே மலையில் கண்டி அரசன். இரண்டு பெரிய ஆட்களுக்கும் நடுவில் வன்னி. அதுவும் ஒரு நாடு என்று சொல்ல முடியாது. பற்றுப் பற்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வன்னியன் தலைவனாக இருந்தான். சேனை பெரிதாக இல்லை, கோட்டை இல்லை, காசும் இல்லை. இருந்தது காடு, காய்ச்சல், யானை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவர்கள் நடத்திய அரசியலைப் பார்க்க வேண்டும்.

ஒல்லாந்தருக்கு வன்னியர் வருடா வருடம் யானை திறை கொடுக்க வேண்டும். யானைதான் அந்தக் காலத்தில் பெரிய வியாபாரம். காட்டில் பிடித்து, ஆனையிறவுக் கடல்நீரைக் கடத்தி, குடாநாட்டுக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஆட்கள் சரியென்று தலையாட்டுவார்கள். யானை மட்டும் போய்ச் சேராது. ஒரு வருடம் மழை இல்லை, யானை தெற்கே போய்விட்டது. அடுத்த வருடம் மழை கூடிவிட்டது. அதற்கடுத்த வருடம் பிடிகாரர் எல்லோருக்கும் காய்ச்சல். ஒல்லாந்தன் கோபத்தில் கத்தினால் வன்னியன் கண்டிப் பக்கம் முகத்தைத் திருப்புவான். கண்டிக்காரன் கை வைக்க வந்தால் யாழ்ப்பாணக் கோட்டைக்கு மரியாதையாக ஓர் ஆளை அனுப்புவான். இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டு, இரண்டு பேருக்கும் அடங்காமல், தலைமுறை தலைமுறையாகச் சமாளித்திருக்கிறார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்? நீர்ப்பாசன அதிகாரி வரும்போதெல்லாம் என் அப்பா இப்படித்தான் கும்பிட்டுக் கும்பிட்டே அவரைத் திருப்பி அனுப்புவார்.

எல்லாம் வீரக்கதை என்று சொல்ல வரவில்லை. வன்னியர் தங்களுக்குள் அடிபட்டார்கள், ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுத்தார்கள். யானை பிடிக்கப் போய் மிதிபட்டுச் செத்தவன் ஏழை, பெயர் வாங்கியவன் தலைவன். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், கோயில்களைப் பறித்தார்கள். வேதத்தை விடமாட்டோம் என்று நின்ற சனம் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடியது. அந்தச் சுரூபத்துக்குத்தான் மடுவில் கோயில் எழுந்தது. இது எங்கள் கோயிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. மடுமாதா படம் இல்லாத கார் எங்கள் ஆட்களிடம் இல்லை. ஆனால் ஓடிவந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் காட்டியது யார்? தேன் எடுக்கும் பாதையையும் கரடி இருக்கும் இடத்தையும் சொல்லிக் கொடுத்தது யார்? இதை ஒருவரும் கேட்பதில்லை. அந்தக் காட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். என் ஆட்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்திராவிட்டால் மடு இல்லை, எங்கள் மண்டபத்தில் வடையும் இல்லை.

எங்கள் தமிழ்ப் பணித்தளத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்ததற்காக மலர் வெளியிட முடிவு செய்தார்கள். மலர் என்றால் தெரியும்தானே. ஆயர் வாழ்த்து, குரு வாழ்த்து, கவுன்சிலர் வாழ்த்து, பிறகு நகைக்கடை, சேலைக்கடை, சட்டத்தரணி. எங்காவது இடம் மிஞ்சினால் கட்டுரை. மலராசிரியர் கம்பியூட்டர் வேலை செய்பவர், நல்ல மனிதர், எப்போதும் அவசரம். "அண்ணை, நீங்கள் பழைய பேப்பருக்குள்ளைதானே வேலை. மடுவைப் பற்றி ஒரு சரித்திரக் கட்டுரை தாங்கோ" என்றார். நான் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நான் பஸ்சுக்கு நிற்கும்போது போன் எடுத்தார். "அண்ணை, கட்டுரை நல்லாயிருக்கு. யானையைக் கொஞ்சம் குறைக்க ஏலுமோ?"

"நகைக்கடையைக் குறையுங்கோ. யானை குறையாது" என்றேன்.

"சரி, சரி, கோவியாதேங்கோ. கடைசியிலை பேருக்குக் கீழை ஊர் போடோணும். இளவாலை எண்டு போடுறன், என்ன?"

எல்லாக் கட்டுரைக்கும் அப்படித்தான் போடுவார்கள், பெயருக்குக் கீழே அடைப்புக்குள் ஊர். நான் பதினொரு பக்கம் எழுதும்போது இதை யோசிக்கவே இல்லை. வன்னிச் சனம் யாரென்று தலைநிமிர்ந்து எழுதிவிட்டு, கீழே இளவாலை என்று கையெழுத்து வைப்பதா? மானம் இருப்பவன் செய்கிற வேலையா அது? பனங்காமம் என்று போட்டால், மலரின் முதற்பிரதியை வாங்கப்போகிறவர் மாமா. சமூகத்தில் மூத்தவர் என்று அவரைத்தான் கேட்டிருந்தார்கள்.

"நாளைக்குச் சொல்லுறன்" என்று போனை வைத்தேன்.

மனைவி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "இளவாலை எண்டு போட்டால் கட்டுரையைக் கிழிச்சு எறியுங்கோ. இல்லாட்டி அப்பாட்டைப் போங்கோ."

ஞாயிறு பின்னேரம் எட்மண்டனுக்குப் போனேன். மோர்டனிலிருந்து அங்கே போவது லண்டனின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவது. வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். கண்ணில் புரை விழுந்ததால் மாமாவுக்கு வாசிக்க முடியாது. கட்டுரையை வாசித்துக் காட்டினேன். கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். யானை வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ஊர்காவற்றுறையை வடிவா எழுதேல்லைத் தம்பி. எங்கடை துறை இல்லாட்டி உந்த யானையை என்ன செய்யிறது?"

"காடு இல்லாட்டித் துறையிலை எதை மாமா ஏத்துறது? அதுகளைப் பிடிச்சவை எங்கடை ஆக்கள்."

"எங்கடை எண்டால்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து போனது. நேராகச் சொல்லிவிட்டேன். நான் இளவாலை இல்லை மாமா, வன்னி, பனங்காமம் பற்று. கலியாணத்துக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "அப்ப உம்முடைய அப்பா?"

இந்தக் கேள்விக்குத்தான் இருபது வருடம் பயந்திருந்தேன். அப்பா இறந்தபோது போரால் பாதை மூடியிருந்தது, என்னால் போக முடியவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையை எட்மண்டனில் ஒழுங்கு செய்தது மாமாதான். சொந்தத் தமையனுக்குச் செய்வதுபோல ஓடியோடிச் செய்தார். நினைவுத்தாள் அடிக்க, எங்கே அடக்கம் என்று கேட்டார். இளவாலை என்றேன். அப்படியே அச்சடித்தார், அப்படியே பீடத்திலிருந்து வாசிக்கவும் செய்தார்கள். என் அப்பாவைச் செத்த பிறகும் ஊர் மாற்றினேன். நான் செய்ததில் இதைவிடக் கேவலம் வேறில்லை.

"ஊரிலைதான் அடக்கம் மாமா" என்றேன். "வன்னியிலை."

அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குப் போனார். "கதவைச் சாத்திப்போட்டுப் போம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மலராசிரியருக்கு அன்றே போன் எடுத்துப் பனங்காமம் என்று போடச் சொன்னேன். மாமா ஆறு கிழமை எங்கள் வீட்டுக்குப் போன் எடுக்கவில்லை. என் மனைவி எடுத்தால் சுகம் மட்டும் சொல்வார். வெளியீட்டுக்கு வருவாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை, அவளும் கேட்கவில்லை.

வந்தார். கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, பொல்லை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மலராசிரியர் மைக்கைப் பிடித்து, எழுதியவர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். அச்சில் சரியாகத்தான் போட்டிருந்தார். மேடையில் வாய்ப்பழக்கம் விடவில்லை. "அடுத்து, இளவாலையைச் சேர்ந்த எங்கடை அண்ணை..." என்று தொடங்கினார்.

"பிழை!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மாமா பொல்லை ஊன்றி எழுந்து நின்றார். அவருக்கு மைக் தேவைப்படவில்லை, கப்பலில் காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை.

"என்ரை மருமகன் இளவாலை இல்லை. வன்னி. பனங்காமம் பற்று. இருபத்தெட்டு வருசமா நான்தான் எல்லாருக்கும் பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். எங்கடை துறையிலை ஏத்தின யானையெல்லாம் இவையின்ரை காட்டு யானை. எழுதிக்கொள்ளுங்கோ."

சிலர் சிரித்தார்கள், பின்வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கி மண்டபம் முழுக்கத் தட்டினார்கள். நான் மேடைக்கு ஏறினேன். தலை குனியவில்லை. வன்னிக்காரனாக அந்த மண்டபத்தில் நின்றது அன்றுதான் முதல்தடவை. சத்தியமாகப் பெருமையாக இருந்தது.

மாமா முதற்பிரதியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். பக்கத்துக் கதிரையைக் கையால் தட்டினார். போய் இருந்தேன். முகத்தைத் திருப்பாமலே மெல்லச் சொன்னார்:

"சபைக்கு முன்னாலை நான் பழியை எடுத்தது என்ரை பிள்ளைக்காக. நீர் சொன்ன பொய்யை நான் மறக்கமாட்டன்."

"ஓம், மாமா."

"உம்முடைய அப்பாக்கு வைச்ச பூசை பிழையான ஊருக்குப் போயிட்டுது. வாற மாசம் திரும்ப வைக்கிறன், சுவாமியாரோடை கதைச்சிட்டன்."

கடவுளுக்கு முகவரி தேவையில்லை என்று அவரிடம் யார் சொல்வது? சட்டைப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்து என் மடியில் வைத்தார். மலரின் பின்னட்டையைத் திருப்பி, நகைக்கடை விளம்பரத்தில் வெறுமையாக இருந்த ஓர் இடத்தில் விரலை ஊன்றினார்.

"உம்முடைய அப்பா கிடக்கிற ஊரின்ரை பேரை இதிலை எழுதும். பெரிசா எழுதும், எனக்குக் கண் தெரியாது."

எழுதினேன்.